அடுத்த வேலை எது? போஸ்ட்கிரெஸ் முடிவெடுக்கும் விதம்

கும்பளங்கியைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் 2019இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்தின் வழியே அறிவார்கள். கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த ஊர். சீனவலைகளும் பொக்காளி வயல்களும் இரவில் நீலமாக ஒளிரும் ‘கவரு’ நீரும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தவை. ஓதம் ஏறும் நாட்களில் உப்புநீர் வீட்டு முற்றத்துக்குள் வந்துவிடுவதும் இந்த ஊரின் வழக்கமே. தண்ணீரோடு வாழ்வதென்றால் எந்த வேலையை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற கேள்வி இங்கே நாள்தோறும் எழும்.

2018 ஆகஸ்டில் அந்தக் கேள்வி கேரளம் முழுவதற்கும் எழுந்தது. ஆகஸ்ட் 15 அன்று வெள்ளத்தால் மூடப்பட்ட கொச்சி விமான நிலையம் 29ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. கரையோர மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்ற தகவலைத் திரட்ட, கேரள மாநில ஐடி மிஷனும் ஐஇஇஇ அமைப்பின் கேரளக் கிளையும் தன்னார்வ நிரலர்களும் சேர்ந்து ‘கேரளா ரெஸ்க்யூ’ என்ற மென்பொருளைக் கட்டினார்கள். அதன் நிரல் முழுவதும் யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடியபடி திறந்து வைக்கப்பட்டிருந்தது. மேலே பைத்தான் மொழியின் ஜாங்கோ, அடியில் போஸ்ட்கிரெஸ் என்னும் திறமூல டேட்டாபேஸ்.

ஒரே குடும்பத்துக்காக வளைகுடாவிலிருந்து ஒருவர், பெங்களூரிலிருந்து ஒருவர் என உறவினர் பலரும் உதவி கேட்டதால் பதிவுகள் இரட்டித்தன. இரட்டைப் பதிவை நீக்குவதா, முகாம்களின் பட்டியலைச் சேர்ப்பதா, தளம் விழாமல் காப்பதா? வெள்ளத்தின் நடுவே அந்த வரிசையைத் தண்ணீரே எழுதியது. ஆனால் அடியில் இருந்த டேட்டாபேஸின் கதை வேறு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஒருவர் எழுதியது இன்னொருவருடையதை அழிக்கக் கூடாது, மின்சாரம் போனாலும் பதிவான வரி தொலையக் கூடாது என்ற உறுதிகள் அந்த ஆகஸ்டில் எழுதப்பட்டவை அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே யாரோ சிலர் ‘இது முதலில், அது அப்புறம்’ என்று முடிவெடுத்ததால் கிடைத்தவை. முதலாளி இல்லாத, விற்பனைத் துறை இல்லாத ஒரு திட்டத்தில் அந்த முடிவு எப்படிப் பிறக்கிறது?

போஸ்ட்கிரெஸின் வேர் 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டம். அது முடிந்தபின் 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தார்கள். 1996இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற இன்றைய முழுப்பெயர் வந்தது. அன்று முதல் இது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. 7 பேர் கொண்ட மையக்குழு ஒன்று உண்டு. ஆனால் அடுத்த பதிப்பில் என்ன வரவேண்டும் என்று அது கட்டளையிடுவதில்லை. மூல நிரலில் மாற்றத்தைச் சேர்க்கும் உரிமை சுமார் 30 பேருக்கு இருக்கிறது. அவர்களைக் கமிட்டர்கள் என்பார்கள். மற்றவர்கள் செய்வது பேட்ச், அதாவது நிரல் திருத்தம் ஒன்றை, அனுப்புவது. அந்தப் பேட்ச் எல்லோர் முன்னிலையிலும் விவாதிக்கப்படும், கிழிக்கப்படும், மறுபடி எழுதப்படும்.

இவர்களிடம் திட்ட அட்டவணை இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலத்துக்கு அட்டவணை உண்டு, பொருளுக்குத்தான் இல்லை. ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என ஆண்டுக்கு 5 மாதங்களில் ‘கமிட்ஃபெஸ்ட்’ நடக்கும். அந்த மாதத்தில் புதிதாக எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, வந்து குவிந்த சில நூறு பேட்ச்களைப் படித்துப் பார்ப்பதே வேலை. ஏப்ரல் முதல் பாதியில் கதவு அடைபடும். செப்டம்பர் அல்லது அக்டோபரில் புதிய பதிப்பு வெளிவரும். 2022 அக்டோபரில் 15, 2023 செப்டம்பரில் 16, 2024 செப்டம்பரில் 17, 2025 செப்டம்பரில் 18 என்று வரிசை பிசகாமல் வந்திருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் 5 ஆண்டுகள் பராமரிப்பு.

கும்பளங்கியின் பொக்காளி வயலும் இப்படித்தான் இயங்குகிறது. மழை உப்பைக் கழுவும் மாதங்களில் நெல், நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இறால். நாற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் நீரின் தவணையைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். போஸ்ட்கிரெஸிலும் ஏப்ரல் கதவுக்குள் வராத பேட்ச், அதை எழுதியவர் யாராக இருந்தாலும், அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். இந்தக் கண்டிப்பு புதியவர்களை முதலில் சோர வைக்கும். ஆனால் ஒரு பெரிய அம்சத்துக்காகப் பதிப்பையே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், அதற்குள் முடிந்துபோன நூறு சிறிய திருத்தங்களும் சேர்ந்து நிற்கும். அந்த அனுபவத்திலிருந்து வந்த ஒழுங்கு இது.

ஒரு பேட்ச் எப்படி வரிசையில் மேலே வருகிறது என்பதற்கு இந்தியர் ஒருவரின் வேலையே நல்ல சான்று. போஸ்ட்கிரெஸ் ஒரு வரியை மாற்றும்போது பழையதை அழித்து அதன்மேல் எழுதுவதில்லை. புதிய நகல் ஒன்றை எழுதும். பழையது, அதைப் படித்துக்கொண்டிருப்பவர் முடிக்கும் வரை இருக்கும். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் நிறுத்தாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் இதற்கொரு விலை இருந்தது. நிவாரண முகாம் ஒன்றின் பெயருக்கும் ஊருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் விரைவாகத் தேட உதவும் தனித்தனி இண்டெக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கொருமுறை மாறுவது தலைக்கணக்கு மட்டுமே. ஆனாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று இண்டெக்ஸ்களிலும் புதிய பதிவு எழுத வேண்டியிருந்தது. கோப்பு வீங்கும், வேகம் குறையும். அப்போது எண்டர்பிரைஸ்டிபி நிறுவனத்தில் இருந்த பவன் தேவலாசி இதற்கு வழி கண்டார். இண்டெக்ஸ் உள்ள பகுதி எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், புதிய நகலை அங்கேயே வைத்துப் பழையதிலிருந்து ஒரு கண்ணியால் இணைத்துவிடலாம். இண்டெக்ஸைத் தொடவே வேண்டாம்.

யோசனை ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. ஆனால் அது டேட்டாபேஸின் இதயத்தைத் தொடுவதால் மாதக்கணக்கில் கேள்விகள் எழுந்தன, வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. 2007 செப்டம்பரில் கமிட்டர் டாம் லேன் அதைச் சேர்த்தார். 2008 பிப்ரவரியில் வந்த 8.3 பதிப்பு முதல் உலகத்தின் ஒவ்வொரு போஸ்ட்கிரெஸிலும் அது ஓடுகிறது. யாரும் அதை ‘இந்த ஆண்டின் முன்னுரிமை’ என்று பலகையில் எழுதவில்லை. ஒருவர் செய்து காட்டினார், கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னார், நம்பிக்கை பெற்ற இன்னொருவர் நேரம் ஒதுக்கிப் படித்தார். போஸ்ட்கிரெஸில் முன்னுரிமை பிறக்கும் வழி பெரும்பாலும் இதுதான். இந்தச் சங்கிலியில் எளிதில் அறுந்துபோகும் கண்ணி கடைசியில் உள்ளது. எழுதுபவர்களைவிடப் படித்துப் பார்ப்பவர்கள் எப்போதும் குறைவு.

மையக்குழு வாய் திறந்த ஒரு தருணமும் உண்டு. ஒரு சர்வரில் எழுதுவதை இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் நகலெடுக்கும் வசதி, அதாவது ரெப்ளிகேஷன், டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கத் தேவையில்லை, வெளியில் பலர் பலவிதமாகச் செய்யட்டும் என்பதே நெடுங்காலம் நிலைப்பாடாக இருந்தது. பயன்படுத்துபவர்களோ எளிய வசதி உள்ளேயே வேண்டும் என்றார்கள். அது இல்லாததால் பலர் வேறு டேட்டாபேஸுக்குப் போனார்கள். 2008 மே மாத இறுதியில் மையக்குழு, ரெப்ளிகேஷன் இனி உள்ளேயே வரும் என்று அறிவித்தது. நிலைப்பாட்டை மாற்றியதற்கான காரணத்தையும் திறந்து சொன்னது. அறிவித்ததும் நடந்துவிடவில்லை. 2009இல் வந்த 8.4க்குள் முடிக்க முயன்றார்கள், முடியவில்லை. அரைகுறையாகச் சேர்க்காமல் அடுத்த பதிப்புக்குத் தள்ளினார்கள். ஜப்பானின் என்டிடி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜீ மசாவோவும் பிரிட்டனின் சைமன் ரிக்ஸும் உழைத்து, 2010 செப்டம்பரில் 9.0 பதிப்பில் அது வந்து சேர்ந்தது.

தள்ளிப்போடுவதைவிடக் கடினமானது, சேர்த்ததைத் திரும்ப எடுப்பது. ‘இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்’ என்பதை ஒரே கட்டளையில் சொல்லும் மெர்ஜ் வசதி 2018 ஏப்ரலில் சேர்க்கப்பட்டு, வடிவமைப்பில் ஐயம் எழுந்ததால் அதே மாதத்தில் நீக்கப்பட்டது. 2022இல்தான் 15ஆம் பதிப்பில் உறுதியாக அமர்ந்தது. அதே 15ஆம் பதிப்பிலிருந்து ஜேசன் என்ற தரவு வடிவம் தொடர்பான ஒரு பெரிய வசதி, வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கையில் எடுக்கப்பட்டது. இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2013இல் வெளிவந்த 9.3 பதிப்பில், வரிகளைப் பலர் ஒரே நேரத்தில் பூட்டும் முறையை மாற்றியதில் பிழைகள் நுழைந்து, தரவு கெட்டுப்போகும் நிலை வந்தது. அவற்றைத் தேடித் தேடி அடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 9.5 பதிப்பு 2016 ஜனவரி வரை தள்ளிப் போனது. தரவைக் காப்பதே முதல் வேலை, அம்சங்கள் எல்லாம் அதற்குப் பின் என்ற வரிசை அந்த ஆண்டுகளில் எல்லோர் மனதிலும் ஆழமாகப் பதிந்தது.

யாரும் கேட்காத வேலைகள் எங்கே போகும்? இதுதான் எந்தத் திறமூலத் திட்டத்துக்கும் கடினமான சோதனை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தரும் எண் 32 பிட் அளவுடையது. சுமார் 429 கோடியில் சுற்று முடிந்து மறுபடி தொடக்கத்துக்கு வரும். பழைய வரிகளை ‘வேக்யூம்’ என்ற துப்புரவுப் பணி சரியான நேரத்தில் உறைய வைக்காவிட்டால், தரவைக் காப்பதற்காக டேட்டாபேஸ் எழுதுவதையே நிறுத்திக்கொள்ளும். 2015இல் சென்ட்ரி, 2019இல் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் ஆகிய சேவைகள் இதனாலேயே முடங்கின. 64 பிட்டுக்கு மாற்றும் பேட்ச்கள் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகின்றன. ஆனால் வட்டில் உள்ள ஒவ்வொரு வரியின் அமைப்பையும் அது தொடும். அதனால் நிதானமான வழி ஒன்று முதலில் வந்தது: ஆபத்து நெருங்கினால் மற்ற வேலைகளை விட்டுவிட்டு உறையவைப்பதை மட்டும் முடிக்கும் அவசரப் பாதுகாப்பு, 2021இல் 14ஆம் பதிப்பில் சேர்ந்தது. நோயை முற்றாக ஒழிக்காமல் உயிரைக் காப்பது முதலில் என்ற தேர்வு. பொறியியல் நோக்கில் அது சரியான தேர்வே.

தமிழரையும் மலையாளிகளையும் நேரடியாகத் தொடும் ஒரு வேலை இதே வகையைச் சேர்ந்தது: எழுத்துகளை வரிசைப்படுத்துவது.

பெயரைத் தேடும்போது டேட்டாபேஸ் எல்லா வரிகளையும் படிப்பதில்லை. அகர வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸில் ‘இது இதற்கு முன்பா பின்பா’ என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போய்க் கண்டுபிடிக்கும். எது முன், எது பின் என்ற விதியைப் போஸ்ட்கிரெஸ் நெடுங்காலமாக இயங்குதளத்திடம் கேட்டு வந்தது. லினக்ஸில் அதைச் சொல்வது ஜிலிப்சி என்ற நூலகம். 2018 ஆகஸ்ட் 1 அன்று, கேரளம் மூழ்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜிலிப்சி 2.28 வெளிவந்தது. பல மொழிகளுக்கான வரிசை விதிகள் அதில் மொத்தமாகப் புதுப்பிக்கப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால் பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸைப் புதிய விதியோடு தேடினால், இருக்கும் பெயரை ‘இல்லை’ என்று சொல்லும். இரண்டாம் முறை வரக்கூடாத பெயரை மறுபடி உள்ளே விடும். இயங்குதளத்தை மேம்படுத்திய நிர்வாகிகளுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, பதில்கள் மட்டும் தவறின.

இதைச் சரிசெய்யும் வேலை பல பதிப்புகளுக்கு நீண்டது. ஐசியூ என்ற தனி நூலகத்தின் விதிகளைப் பயன்படுத்தும் வசதி 2017இல் 10ஆம் பதிப்பிலேயே வந்திருந்தது. விதியின் பதிப்பை ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் குறித்து வைக்கும் பேட்ச் ஒன்று 2020இல் சேர்க்கப்பட்டு 2021 மே மாதம் திரும்ப எடுக்கப்பட்டது. 2022இன் 15ஆம் பதிப்பு, டேட்டாபேஸ் முழுவதற்கும் ஐசியூவை இயல்பாக வைத்துக்கொள்ளவும், விதி மாறினால் எச்சரிக்கவும் வழி செய்தது. 2024இன் 17ஆம் பதிப்பில் ஜெஃப் டேவிஸின் உழைப்பால் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே ஒரு வரிசை விதி வந்தது. அது ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட் தரம் தரும் எண்ணின்படி அடுக்கும். இயங்குதளத்தை மாற்றினாலும் அந்த அடுக்கு கலையாது.

தமிழுக்கு அது போதுமா? போதாது. யூனிகோடில் ‘ந’வை அடுத்து ‘ன’ நிற்கிறது, ‘ர’வை அடுத்து ‘ற’ நிற்கிறது. நம் அகராதியிலோ ‘ற’வும் ‘ன’வும் மெய்வரிசையின் கடைசி. எண் வரிசையில் அடுக்கினால் ‘மனோகரன்’ ‘மயில்’ என்ற பெயருக்கு முன்னால் வந்து நிற்பார். அகராதி வரிசையில் அவர் பின்னால் வர வேண்டும். வாக்காளர் பட்டியலிலோ பள்ளிப் பதிவேட்டிலோ தேடும் கண்ணுக்கு இது பெரிய குழப்பம். ஐசியூவின் தமிழ் விதியைக் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் கேட்டு வாங்கும் வசதி போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. ஆனால் அரசு அலுவலக மென்பொருள் எழுதுபவர் அதை அறிந்து கேட்டால்தான் உண்டு.

மலையாளத்தின் சிக்கல் இன்னும் நுட்பமானது. சொல்லின் இறுதியில் வரும் ண், ன், ர், ல், ள் ஒலிகளுக்கு அந்த மொழியில் ‘சில்லு’ என்ற தனி வடிவங்கள் உண்டு. பழைய முறையில் மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஆகிய மூன்றையும் சேர்த்து அவற்றை எழுதினார்கள். 2008இல் வந்த யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனி எண்களைக் கொடுத்தது. மலையாளக் கணிமைக் குழுக்களிடையே அப்போது கடும் விவாதம் நடந்தது, ஏனென்றால் இரண்டு முறைகளும் சமம் என்று யூனிகோட் சொல்லவில்லை. விளைவு: ‘ஜோண்’ என்ற பெயரை இரண்டு பேர் இரண்டு விசைப்பலகைகளில் தட்டினால் திரையில் ஒன்றுபோலவே தெரியும், டேட்டாபேஸ் அவற்றை இரண்டு வெவ்வேறு ஆட்களாகவே கொள்ளும். கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த கும்பளங்கி போன்ற ஊரில் ஜோண்களும் ஸ்டீபன்களும் எத்தனை பேர்! கேரள அரசின் கே-ஸ்மார்ட் சேவை 2025 ஏப்ரல் 10 முதல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் விரிந்திருக்கிறது. பிறப்பு, திருமணம், வீட்டு வரி எல்லாம் பெயர்களால் ஆனவை. எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் சில்லுச் சிக்கலை எங்கோ ஓரிடத்தில் தீர்த்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2020இன் 13ஆம் பதிப்பு முதல் எழுத்து வடிவங்களைச் சீராக்கும் செயல்பாடு ஒன்று உண்டு. அது யூனிகோட் சமம் என்று சொன்னவற்றை மட்டுமே சமமாக்கும். சில்லு அதில் அடங்காது.

இப்படிப்பட்ட தேவை கலிபோர்னியாவிலோ ஹெல்சிங்கியிலோ இருப்பவருக்குத் தானாகத் தோன்றாது. அதில் அவர் குற்றமில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் விளக்கி, சோதனைகள் எழுதி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆளை அனுப்புபவர்கள் பெரும்பாலும் நிறுவனங்கள். கமிட்டர்களில் ஏறத்தாழ எல்லோருமே ஏதோ ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இதில் வேலை செய்கிறார்கள். அந்த நிறுவனத்தின் தேவையும் வரிசையில் ஏறும் என்பது உண்மையே. அதற்கொரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: மையக்குழுவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தவர் இருக்கக்கூடாது. 2020இல் எண்டர்பிரைஸ்டிபி இன்னொரு நிறுவனமான செகண்ட்குவாட்ரண்ட்டை வாங்கியபோது ஐவர் குழுவில் மூவர் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டார்கள். சில வாரங்களில் வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இருவரைச் சேர்த்துக் குழுவை ஏழாக்கினார்கள். இந்த எச்சரிக்கைக்கு வரலாறு காரணம் காட்டுகிறது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் 2008இல் சன் நிறுவனத்துக்கும் 2010இல் ஆரக்கிளுக்கும் கைமாறியபோது, அதைத் தொடங்கிய மான்ட்டி விடேனியஸே பிரிந்துபோய் மரியாடிபியை உருவாக்கினார். 2024இல் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் தன் உரிமத்தை மாற்றியதும் அதன் பங்களிப்பாளர்கள் வால்கீ என்ற கிளையைத் தொடங்கினார்கள். ஒற்றைச் சொந்தக்காரர் உள்ள திட்டத்தில் முன்னுரிமை ஒரே நாளில் மாறிவிடலாம்.

இந்தியா இதில் வெறும் வாடிக்கையாளர் அல்ல. ஒரு வினவலைப் பல செயலிகள் பங்கிட்டுச் செய்யும் வசதியை 2016இன் 9.6 பதிப்புக்காக ராபர்ட் ஹாஸுடன் சேர்ந்து கட்டியவர் அமித் கபிலா. மின்தடைக்குப் பின் கெட்டுப்போகும் ஹாஷ் இண்டெக்ஸை 2017இல் நம்பத் தக்கதாக்கியவரும் அவரே. புனே, ஐதராபாத், பெங்களூரு நகரங்களில் இருந்துகொண்டு பலர் இதன் மூலநிரலில் உழைக்கிறார்கள். நம் சோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பலவற்றோடு போஸ்ட்கிரெஸ் சேர்ந்தே வருகிறது. 2020இல் எர்ணாகுளத்தில் கொரோனாக் காலத்துக்காகத் தொடங்கிப் பின்னர் மருத்துவமனைகளுக்குப் பரவிய திறமூல ‘கேர்’ மென்பொருளும் இதன்மேல்தான் நிற்கிறது. மத்திய அரசு 2015லேயே திறமூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை அறிவித்தது. அரசுக்குப் பயன்படுத்தும் கொள்கை இருக்கிறது. பங்களிக்க ஆளை ஒதுக்கும் கொள்கை வேண்டும். உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், நம் மொழிகளின் தேவையைச் சுமந்து செல்ல நாலைந்து பொறியாளர்களை ஆண்டு முழுவதும் அமர்த்தலாம்.

கல்லூரி ஆய்வகங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கமிட்ஃபெஸ்டில் படித்துப் பார்க்கும் பணிக்குக் கமிட்டராக இருக்கும் தேவை இல்லை. பேட்சை இறக்கித் தொகுத்து ஓட்டிப் பார்த்து, தமிழ்ப் பெயர்கள் பத்தாயிரத்தை உள்ளிட்டுச் சோதித்து, கண்டதை எழுதி அனுப்பினாலே அது எடுத்துக்கொள்ளப்படும். பேட்ச் அனுப்புகிறவர் பதிலுக்கு இன்னொருவருடையதைப் படிக்க வேண்டும் என்பதே அங்குள்ள எதிர்பார்ப்பு. சென்னையிலோ கோவையிலோ கொச்சியிலோ கணினியியல் படிக்கும் மாணவர்களும் அவர்களின் ஆசிரியர்களும் அடுத்த ஜூலையில் அந்த வரிசையில் ஒரு பேட்சைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம்.